மறுக்கத் தெரியாத பெட்டி

அந்த விறகை உள்ள தள்ளுங்க. கதவைச் சாத்து, காத்து வருது. டெப்பி, டார்ச்சை அணைச்சு வை, பாட்டரி போயிடும்... கரண்ட் இன்னிக்கு வராது. குவீன்ஸ்டவுன் ரோட்டுல மரம் விழுந்து கம்பியெல்லாம் தரையில கெடக்காம்.

வந்ததுலேருந்து கேட்டுட்டே இருக்கீங்கல்ல, அது என்ன சத்தம்னு. டுக்... டுக்... டுக்... பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். அந்த வீட்டு ஜன்னலைப் பாருங்க. ஒரு லைட்டு எரியுதா? ஃப்ரிட்ஜ் ஓடல, ஹீட்டர் ஓடல. பின்னாடி கொட்டகையில ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அது ஒண்ணுக்காகத்தான் அவ்வளவு பெட்ரோலும்.

நான் பார்த்ததுன்னு சொல்ல மாட்டேன். மீன்பிடி சொசைட்டியில ரேடியோ பார்க்கிறாளே, நம்ம நோரீன், அவ என்கிட்ட சொன்னது. அவ அண்ணன் பொண்ணு வீடுதான் அது. மெரின். பார்த்திருப்பீங்க, கடையில தலையைக் குனிஞ்சுக்கிட்டே பெட்ரோல் கேன் வாங்கிட்டுப் போவா.

சரி... கிட்ட வாங்க.

சாயங்காலம் ஆறு மணி. ஜூலை மாசம், இங்க குளிர்காலம், அதனால எப்பவோ இருட்டிடுச்சு. ஹெட்ஸ் ரோடு. இந்தப் பக்கம் பைன் மரம், அந்தப் பக்கம் கறுப்பா தண்ணி. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மெரின் காரை மிதி மிதின்னு மிதிச்சுட்டுப் போறா. சரளைக் கல்லு வண்டி அடியில சடசடன்னு அடிக்குது. ரோட்டோரத்துல வாலபி, அந்தக் குட்டிக் கங்காரு, அதுங்க கண்ணு பச்சையா மின்னி மின்னி அணையுது. அழுகின கடல்பாசி நாத்தம் கண்ணாடியைச் சாத்தியும் உள்ள வருது. அவ வாய் மட்டும் ஒரே வார்த்தையைச் சொல்லிட்டே இருக்கு. போகாதடா... போகாதடா...

தம்பி ஜேகோவைத்தான். அவன் படகு 'வயலட் மே' நரக வாசலை, தண்ணி கடலோட சேர்ற அந்த வாயை, தாண்டறதுக்குள்ள பிடிச்சுடணும்.

அவங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அக்கா, தம்பி, ரெண்டே பேர். ஜேகோ கிரே, அதான் சிங்கி இறால், கூண்டு வச்சுப் பிடிக்கிறவன். நல்ல பையன்தான், ஆனா வாயைத் திறந்தா மொத வார்த்தை 'இல்ல'. மழை பெய்யுதுடான்னா, 'இல்ல, தூறுது'ம்பான். சாப்பாடு நல்லா இருக்காடான்னா, 'இல்ல, உப்பு பத்தல'ன்னு சொல்லிட்டு ரெண்டு தட்டு சாப்பிடுவான். மதுக்கடையில அவனைப் பார்த்தாலே சும்மா வம்புக்கு இழுப்பாங்க. பூமி உருண்டைடா ஜேகோன்னா அதுக்கும் 'இல்ல'ன்னு ஆரம்பிப்பான்.

மெரின் வீட்லயே உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதறவ. சொசைட்டிக்காரங்க அவகிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாப் படகுக்கும் தானா மெயில் போகணும். நோரீன் ஒவ்வொருத்தனையா ரேடியோவில கத்திக் கூப்பிட வேண்டாம்.

இந்த மாதிரி வேலையில ஒரு தொல்லை இருக்கு. எழுதினதை ஓட்டிப் பார்க்கணும். ஓட்டினா நிஜமாவே மெயில் போயிடும். நல்ல வெயில்ல 'புயல் வருது, திரும்பு'ன்னு மெயில் போனா ஊரே உதைக்க வரும். அதனால அவங்க என்ன பண்ணுவாங்கன்னா... பொய்யா ஒரு தபாலாபீஸ் கட்டுவாங்க. சர்வர்தான், ஆனா டூப்பு. மெயிலைக் கொடுத்தா நிஜ சர்வர் பேசற அதே வார்த்தையைப் பேசும். 'இருக்கார், வாங்கிக்கிட்டேன்'னு சொல்லும். வாங்கி ஒரு மூலையில போட்டுடும். வெளிய ஒண்ணும் போகாது. அதுக்கு வெளிய போற வழியே கிடையாது. அது நம்பர்ல பேசும், நான் நம்ம பேச்சுல சொல்றேன்.

மெரின் ஒரு பழைய சின்னப் பெட்டியில அதை எழுதி வச்சா. பெரிய வேலை இல்ல, கொஞ்சம் வரிதான். ஒரே ஒரு வரி மட்டும் வேற மாதிரி. நிஜ சர்வர் சில சமயம் 'அப்படி யாரும் இங்க இல்ல'ன்னு மறுக்கும்ல, அதையும் ஓட்டிப் பார்க்கணுமே. அதுக்காக 'ஆளில்லாப் படகு'ன்னு ஒரு கற்பனைப் பேரு. அந்தப் பேருக்கு வந்தா மட்டும் இல்லைன்னு சொல்லு. மத்த எல்லாத்துக்கும் இருக்குன்னு சொல்லு.

அவ பண்ண தப்பு ஒண்ணுதான். இந்த மாதிரி வேலைக்குப் பொய்ப் பேரா போட்டுக்கணும். இவ சோம்பல்ல சொசைட்டியோட நிஜப் படகு லிஸ்டையே எடுத்து, ஒவ்வொரு பேரையும் அட்ரஸாக்கிப் போட்டா. என் பெட்டியைத் தாண்டி எங்க போயிடப் போகுதுன்னு ஒரு தைரியம்.

மொத தடவை ஓட்டினா. படகு படகா ஓடுது. இருக்கு, வாங்கிக்கிட்டேன்... இருக்கு, வாங்கிக்கிட்டேன்... நடுவுல, 'அப்படி யாரும் இங்க இல்ல.'

மூணு படகுக்கு அப்படி.

தான் எங்கயோ கோட்டை விட்டோம்னு நினைச்சா. வரி வரியா பார்த்தா. மறுக்கிறதுக்கு அந்தக் கற்பனைப் பேரைத் தவிர வேற பேரே இல்ல. திரும்ப ஓட்டினா... அதே மூணு. கடைசியில நோரீனுக்குப் போன் பண்ணி, "அத்தை, இந்த மூணு படகும் சரியா பாரேன்"னு பேரைப் படிச்சா.

நோரீன் ரேடியோ சத்தத்தைக் குறைச்சாளாம். அப்புறம், "ஏண்டி, அந்தப் பேரெல்லாம் உனக்கு எதுக்கு இப்ப?"

"உங்க லிஸ்ட்ல இருக்கே."

"லிஸ்ட்ல இருக்கும். நாங்க அடிக்க மாட்டோம். ஆளைக் கடல் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் படகுப் பேரை அடிக்கிற பழக்கம் இங்க இல்ல. மூணும் கடல்ல முழுகிப் போன படகு. நீ அப்ப பால்குடிப் பிள்ளை."

மெரின் போனை வச்சுட்டு அந்த மூணு பேரையும் திரும்பப் படிச்சா. ஆனா படிச்சவ இல்லையா, மனசைத் தேத்திக்கிட்டா. பழைய லிஸ்ட், அதுல ஏதோ குறி இருக்கும், அதைப் பெட்டி பிடிச்சுக்குதுன்னு. போய்ப் படுத்துட்டா.

மறுநாள் காலையில ஓட்டினா நாலு.

நாலாவது 'லேடி ஈனிட்'. நம்ம ஊர் பார்னியோட படகு. பார்னி விடியக் காலையிலதான் அவ ஜன்னல் வழியா கை ஆட்டிட்டுக் கடலுக்குப் போயிருக்கான். சொசைட்டிக்கு ஓடி நோரீன்கிட்ட சொன்னா. நோரீன் ரேடியோவில கூப்பிட்டா... கூப்பிட்டா... கூப்பிட்டுட்டே இருந்தா. கர்ர்ர்ருன்னு சத்தம் மட்டும்தான் வந்துது.

பார்னியோட மீன் பெட்டி ரெண்டு கரை ஒதுங்குச்சு. அவ்வளவுதான்.

மெரின் பெட்டியை அணைச்சுப் போட்டுட்டா. தம்பிகிட்ட சொன்னா. அவன் என்ன சொல்லுவான்?

"இல்ல. பார்னி எஞ்சின் பழசு. நான் போன வருஷமே சொன்னேன்."

"பெட்டி முன்னாடியே சொல்லுச்சுடா."

"இல்ல. நீ தப்பா எழுதியிருக்கே. ஊர்ல படிச்சவ நீ ஒருத்தின்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், நீ பேய் ஓட்டற பெட்டி செஞ்சு வச்சிருக்கே!" அவன் சிரிச்ச சிரிப்புல அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துடுச்சாம்.

ஆனா சொசைட்டிக்காரங்க விடல. பார்னி போனதுக்கப்புறம் இன்னும் அவசரப்படுத்தினாங்க. மெயில் இருந்திருந்தா பார்னி திரும்பியிருப்பான், சீக்கிரம் முடிச்சுக் கொடுன்னு. வேற வழி இல்லாம அவ மறுபடி பெட்டியைப் போட்டா. நான் மொதல்ல சொன்னேனே, அந்த ஜூலை நாள்தான். மத்தியான நேரம். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டினா.

திறந்து பார்த்தா... அஞ்சு.

அஞ்சாவது வயலட் மே.

செருப்பைக் கூட மாத்தல. வீட்ல போட்டுக்கிற கம்பளிச் செருப்போட படகுத் துறைக்கு ஓடினா. ஜேகோ அங்க கூண்டுக்கு இரையா வைக்கிற மீன் தலையை வெட்டிட்டிருந்தான். கையெல்லாம் ரத்தம். இவ மூச்சு வாங்கி நின்ன நிலையைப் பார்த்துட்டு எழுந்துட்டான்.

"என்ன... டப்பா என் பேரைச் சொல்லுச்சா?"

அவ தலையை மட்டும் ஆட்டினா.

"அட போ மெரின்..." அவ முகத்தைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தணிச்சு, "சரி. போகல. அழுகையை நிறுத்து. ஊரே பார்க்குது."

சரின்னான். ஜேகோ! மறுக்காம! அவளுக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். வரல. ஒரு மனுஷிக்கு வேண்டிய வார்த்தை காதுல விழுந்துட்டா அதுக்கு மேல ஏன் கேக்கப் போறா.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிடிச்ச பட்டாணி சூப்பு அடுப்புல வச்சா. ஆறு மணிக்கு முன்னாடி நோரீன்கிட்டேருந்து போன். "ஏண்டி, உன் தம்பி இப்பத்தான் ரேடியோவில வந்தான். பெரிய அலை வருதாம். கூண்டெல்லாம் பாறையில மோதி நொறுங்கிடும், ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்துடறேன்கிறான். கையாள் கூட இல்ல, தனியாப் போறான். மெரின்கிட்ட சூப்பைச் சூடா வைக்கச் சொல்லுன்னான்..."

நோரீன் பேசிட்டிருக்கும்போதே இங்க போன் கீழ கெடக்கு. அவ ஹெட்ஸ் ரோட்டுல.

ரோடு முடியற இடத்துல மணல். அதுக்கு அப்பால நரக வாசல். தண்ணி வெளிய போற அந்தச் சின்னச் சந்து. வண்டியை நிறுத்தி இறங்கினா... காத்து முகத்துல உப்பை அள்ளி அடிக்குது. படகு லைட்டு தெரியுது. சந்துக்குள்ள போயிட்டிருக்கு. வண்டி ஹெட்லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டா. ஹாரனை அழுத்திட்டே இருந்தா.

படகுலேருந்தும் லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. அக்கா வழியனுப்ப வந்திருக்கான்னு நினைச்சிருப்பான். சந்தோஷமா காட்டியிருக்கான்.

அப்புறம் அந்த லைட்டு ஒரு அலைக்குப் பின்னாடி இறங்குச்சு. ஏறல.

அவ அங்க நிக்கல. நின்னு அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம்... அவ எழுதறவ. எழுதினது தப்பா ஓடினா எழுதறவங்க என்ன செய்வாங்களோ அதைச் செஞ்சா. நேரா கொட்டகைக்கு வந்தா. அந்தக் கற்பனைப் பேரு வரியை அழிச்சா. ஓட்டினா. அஞ்சு படகுக்கும் 'இல்ல'. அப்புறம்... அந்த 'இல்ல'ங்கிற வார்த்தையையே எடுத்துட்டா. புரியுதா? அந்தப் பெட்டிக்கு மறுக்கவே தெரியாத மாதிரி ஆக்கிட்டா. யார் பேரு வந்தாலும் 'இருக்கார், வாங்கிக்கிட்டேன்'. வேற பேச்சே அதுக்குக் கிடையாது.

ஓட்டினா.

அந்தப் பழைய மூணு படகு... இருக்கு, இருக்கு, இருக்கு. லேடி ஈனிட்... இருக்கு, வாங்கிக்கிட்டேன்.

வயலட் மே...

பெட்டி நின்னுடுச்சு. உள்ள காத்தாடி மட்டும் ஙொய்ய்ய்னு சுத்துது. அவ நகத்தைக் கடிச்ச இடத்துல ரத்தம். காத்து கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்குது. ரொம்ப நேரம்... ரொம்ப நேரம் கழிச்சு...

'இருக்கார். வாங்கிக்கிட்டேன்.'

வெளிய சரளையில பூட்ஸ் சத்தம். கொட்டகைக் கதவு திறந்துச்சு. ஜேகோ. தலையிலேருந்து தண்ணி சொட்டுது.

அவ ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. சட்டை ஐஸ் மாதிரி இருந்துச்சாம். பரவாயில்ல, வந்துட்டான். அடிச்சா, திட்டினா, முத்தம் கொடுத்தா. "படகு எங்கடா? கட்டிட்டியா?"

"சரி."

"குளிருதா? சூப்பு குடிக்கிறியா?"

"சரி."

அன்னிக்கு ராத்திரி பார்னி பொண்டாட்டி வீட்டு வாசல்லயும் பூட்ஸ் சத்தம் கேட்டுதாம். அவ கதவைத் திறக்கல. தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நின்னாளாம். அவளும் பார்னி மேல உயிரா இருந்தவதான். நான் அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். மெரினையும் தப்பு சொல்ல மாட்டேன்.

காலையில துறையில வயலட் மே இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு ஓஷன் பீச்ல ஒரு கதவு ஒதுங்குச்சு. பாதிப் பேரு அதுல இருந்துச்சு.

நோரீன் ஒரு நாள் பார்க்கப் போனா. அடுப்பு நல்லா எரியுது, ஜேகோ அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். பூட்ஸை அடுப்போரம் கழட்டி வச்சிருக்கு. வந்து ஒரு வாரம் ஆயிடுச்சு... பூட்ஸுக்கு அடியில இன்னும் தண்ணி தேங்கிக் கெடக்கு. மெரின் துணியால துடைக்கிறா, வந்து உட்கார்றா, மறுபடி துடைக்கிறா. வீடு முழுக்க அந்தக் கடல்பாசி வாடை. மேஜை மேல சூப்பு, ஆடை கட்டிப் போயிருக்கு.

"எப்படிடா இருக்கே?"

"சரி."

"மழை நின்னுடுச்சு பார்த்தியா?" வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அவன் வாயைப் பிடுங்கத்தான் கேட்டா.

"சரி."

நோரீன் யாருக்கும் பயப்படாதவ. கிட்டப் போய் அவன் முகத்தைப் பார்த்தா. "ஜேகோ... கண்ணு... நீ செத்துட்டியா?"

மெரின் மேஜையை ஓங்கி அடிச்சா. கிண்ணம் உருண்டு சூப்பெல்லாம் கொட்டிச்சு.

அவன் கொட்டின சூப்பைப் பார்க்கல, அக்காவையும் பார்க்கல. "சரி"ன்னான்.

வாசல் வரைக்கும் வந்த மெரின்கிட்ட நோரீன் கெஞ்சினா. "அந்த வார்த்தையைத் திரும்பப் போட்டுடுடி. அவன் நம்ம ஜேகோ இல்ல. எது சொன்னாலும் வாங்கி வச்சுக்குது. அவ்வளவுதான்."

"வீட்ல இருக்கான் அத்தை."

"ஒரு தடவை மறுத்துப் பேசினானா? யோசிச்சுப் பாரு. ஒரே ஒரு தடவை?"

மெரின் திரும்பி அடுப்போரத்துப் பூட்ஸைப் பார்த்தா. கண்ணுல தண்ணி நிக்குது. "என்னால முடியாது. நான் அந்த வார்த்தையை எழுதினா, நான்தானே கொன்ன மாதிரி ஆகும்..." அதுக்கப்புறம் நோரீனை அவ உள்ள விடல.

வசந்த காலத்துல ஒரு தடவை கரண்டு போச்சு, மெரினே கடையில வச்சு நோரீன்கிட்ட சொன்னது. கண்ணு மூடித் திறக்கிற நேரம்தான். அதுக்குள்ள அவன் சட்டைக் கையிலேருந்து தண்ணி கொட்ட ஆரம்பிச்சுதாம்... குழாயைத் திறந்த மாதிரி. அவன் எழுந்துட்டான், கதவுப் பக்கம் திரும்பிட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கரண்டு வந்துடுச்சு. உட்கார்ந்துட்டான்.

மறுநாளே ஜெனரேட்டர் வாங்கிட்டா. அதுலேருந்து இப்படித்தான். காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே ஓட விட்டுடுவா. அவன் என்ன சொல்ல வந்தான்னு அவ நோரீன்கிட்ட சொல்லவே இல்ல. கேட்டாளோ, கேக்கப் பயந்தாளோ...

என்ன டெப்பி? விறகு போடணுமா?

...ஷ்ஷ்.

ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க.

நின்னுடுச்சு.

இல்ல, காத்து இல்ல... காத்து அடங்கித்தான் இருக்கு. ஜெனரேட்டர் நின்னுடுச்சு. இவ்வளவு நேரம் ஓடினதுல பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

கேக்குதா? ...சரக்... கயிறை இழுக்கிறா. ...சரக்... பிடிக்கல. பாவி மக, மொதல்ல பெட்ரோல் ஊத்துடி... சரக்... சரக்... அழுதுட்டே இழுக்கிறா, கேளுங்க.

சரக்...

யாரோ பேசறாங்க. ஆம்பளைக் குரல். கேட்டீங்களா? என்ன சொல்லுச்சு?

"இல்ல"ன்னு சொல்லுச்சு. எனக்கும் அப்படித்தான் கேட்டுது. "இல்ல, மெரின்"னு.

கயிறு சத்தம் நின்னுடுச்சு...

சரளையில நடக்கிற சத்தம். தண்ணிப் பக்கமாப் போவுது. பூட்ஸ்... ஈரம் நசக் நசக்குன்னு... மெதுவாப் போறான்.

பின்னாடி இன்னொண்ணு. லேசா... தரையில இழுத்துட்டே... அது கம்பளிச் செருப்பு.

டெப்பி, டார்ச்சைக் கொடு. எழுந்திருங்க... எல்லாரும் எழுந்திருங்க, சீக்கிரம்!